மூன்று வட்டங்களில் ஒருத்தி

பிரிஜட் எந்த டீமில் வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே சட்டென்று பதில் வராது. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பீச் ரோட்டில் உயரமான ஒரு கட்டடத்தில் அலுவலகம், இவ்வளவு தெளிவாகச் சொல்லுவாள். அதற்கு மேல் துருவிக் கேட்டால் கையை விரித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நிற்கும்போது சொந்தக்காரப் பெண்கள், "உங்க பாஸ் யாரு?" என்று கேட்பார்கள். "மூணு பேரு" என்பாள். அவர்கள் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மூன்று முதலாளி உள்ள பெண்ணுக்கு ஏதோ கோளாறு இருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தால் அதில் தப்பில்லை.

இது எண்பத்தைந்தாம் வருடத்துக் கதை. புரோகிராம் எழுதுகிறவர்கள் அந்த அலுவலகத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் புரோகிராமுக்குள் தகவல்களை எங்கே, எப்படிப் போட்டு வைத்தால் கேட்டவுடன் கைக்கு வரும் என்று வகுத்துக் கொடுக்கத் தெரிந்தவள் பிரிஜட் மட்டும்தான். டேட்டாபேஸ் என்று அதற்குப் பெயர். ஒரு வீட்டில் மிளகு டப்பா எங்கே, கடுகு டப்பா எங்கே என்று ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் இல்லையா, அந்த மாதிரி. அவள் வகுத்துக் கொடுக்காவிட்டால் மற்றவர்கள் எழுதுவது அந்தரத்தில் நிற்கும்.

அலுவலகத்தின் மேலாளர் மிஸ்டர் சியா. அந்த வருடங்களில் சிங்கப்பூரில் எவரைக் கேட்டாலும் ஜப்பானைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பார்கள். சியாவும் ஜப்பானுக்குப் போனார், பார்த்தார், கற்றுக்கொண்டு வந்தார். வந்த கையோடு அலுவலகத்தை மூன்று சிறிய டீம்களாக உடைத்தார். ஒரு டீம் இன்னொரு டீமை எதற்கும் எதிர்பார்க்கக் கூடாது, வேண்டிய ஆட்கள் எல்லாரும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த ஞானம். தினமும் காலையில் ஒவ்வொரு டீமும் வட்டமாக நிற்க வேண்டும். நாற்காலி கூடாது. ஆளாளுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று செய்தது என்ன, இன்று செய்யப்போவது என்ன, குறுக்கே நிற்பது என்ன.

எல்லாம் சரி, பிரிஜட்டை எந்த டீமில் போடுவது என்று யாரோ கேட்டார்கள். சியா கொஞ்சம் யோசித்தார். "மூன்றிலும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். அவர் கற்றுக்கொண்டு வந்த ஞானத்தில் அப்போதே ஓட்டை விழுந்துவிட்டது, ஆனால் எல்லாருக்கும் பசி.

கிடங்குக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்த டீமுக்கு நூர்தீன் தலைவர். கிளினிக்குகளுக்குச் செய்த டீமுக்கு மிஸ் கோ. லாரி கம்பெனிக்குச் செய்த டீமுக்குத் தங்கராஜு. மூன்று வட்டமும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் நிற்கும். பிரிஜட் நூர்தீன் வட்டத்தில் நின்றால் மிஸ் கோ அங்கிருந்து கையைக் காட்டுவார். மிஸ் கோ வட்டத்துக்கு ஓடினால் தங்கராஜு தொண்டையைச் செருமுவார். உடம்பு ஒரு வட்டத்திலும் காது இன்னொரு வட்டத்திலுமாக நின்று நின்று, யாருக்கு எதைச் செய்து தருவதாகச் சொன்னோம் என்பதே அவளுக்குக் குழம்பிப்போகும். ஒருநாள் கிளினிக் நோயாளிகளுக்கு வகுத்ததை லாரிகளுக்குக் கொடுத்துவிட்டாள். லாரி ஒவ்வொன்றுக்கும் பிறந்த தேதியும் ரத்த வகையும் கேட்டது கம்ப்யூட்டர்.

அதைவிட அவளைக் குத்தியது அந்த மூன்றாவது கேள்வி. குறுக்கே நிற்பது என்ன என்று தலைவர் கேட்பார். தங்கராஜு டீமில் சுப்பிரமணியம் என்று ஒருவன். சிரித்த முகம், நல்ல பேச்சு, வேலையில் மட்டும் கை வராது. அவன்தான், பேச்சுக்குப் பேச்சு ஊர் வழக்கப்படி ஒரு 'லா' போட்டு, முதலில் ஆரம்பிப்பான்.

"எனக்குக் குறுக்க நிக்கிறது பிரிஜட்தான் லா. ரெண்டு நாளா பைல் வரல, நான் சும்மா உக்காந்திருக்கேன்."

அவன் சும்மா உட்காருவதற்குப் பிரிஜட் தேவையே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் அடுத்த வட்டத்திலும் அதே பதில் வரும். அதற்கடுத்த வட்டத்திலும் வரும். காலையில் எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து வந்து நின்றால், ஒரு கூடம் முழுக்கத் தன் பெயரைத் தடை என்று சொல்வதைக் கேட்க வேண்டும். யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. அவளுக்காகக் காத்திருப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். இருந்தாலும் கேட்கக் கேட்க, உண்மையிலேயே தான்தான் எல்லாருக்கும் குறுக்கே நிற்கிறோமோ என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

"எனக்குன்னு ஒரு டீம் இருந்தா போதும்ங்க. அது எந்த டீமா இருந்தாலும் சரி," என்று வீட்டில் புலம்புவாள்.

வீடு தமிழர்கள் நிறைந்த தேக்கா பக்கம், பஃபலோ ரோட்டில். புருஷன் அற்புதராஜ் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். அந்த வருடம் தொடக்கத்தில் பட்டறையில் வேலை வறண்டு, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியபோது அவரும் வந்துவிட்டார். அதற்கப்புறம் சந்தையில் மீன் வாங்கி, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்குச் சட்டை தேய்த்து, சாயங்காலம் பத்திரிகையில் வேலை விளம்பரம் பார்ப்பார். ஊருக்குக் கிழக்கே தெம்பனிஸில் புது வீட்டுக்குப் பதிந்திருந்தார்கள், சாவி வரும் நேரம். பிரிஜட்டின் சம்பளம் ஒன்றுதான் இப்போது அந்தக் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது நின்றால் புது வீட்டை மறந்துவிட வேண்டியதுதான். இதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் அவள் முகத்தைத்தான் முதலில் பார்ப்பார்.

நவம்பரில் அந்த மந்தம் பீச் ரோட்டுக்கும் வந்து சேர்ந்தது. கிடங்குகளுக்கும் லாரிகளுக்கும் வேலை இல்லையென்றால் அவற்றுக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் எங்கிருந்து வரும்? தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: டீமுக்கு ஒரு ஆளைக் குறைக்க வேண்டும். சியா மூன்று தலைவர்களையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பெயர் கேட்டார். போகிறவரிடம் தலைவரே நேரில் சொல்ல வேண்டும், சனிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த வாரம் முழுக்கக் கூடத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு வட்டத்தில்தான் பயம், பிரிஜட்டுக்கு மூன்றிலும். தினமும் மூன்று டீமும் தன்னைத்தான் தடை என்று சொல்கின்றன, குறைக்க வேண்டுமென்றால் யாரைக் குறைப்பார்கள்?

சனிக்கிழமை அரை நாள் வேலை. காலை வட்டம் கலைந்ததும் நூர்தீன் அவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிரிஜட், திங்கக்கெழமலேர்ந்து நம்ம வட்டத்துக்கு நீங்க வரவேணாம்," என்றார் அவர். "மத்த ரெண்டு டீமையும் பாத்துக்குங்க. உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட்ட மாதிரி இருக்கும்."

"அவ்வளவுதானா பாய்?"

"அவ்வளவுதான்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

மனதில் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவளுக்குத் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் மிஸ் கோ வந்து அவள் மேசையில் ஒரு பொட்டலம் பலகாரத்தை வைத்தார். மிஸ் கோவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொன்னதன் சாரம் இதுதான்: இனிமேல் எங்கள் டீமுக்கு நீ வேண்டாம், எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் உனக்கு மற்ற இடத்தில் நிறைய வேலை இருக்கிறதே.

மூன்றில் இரண்டு போய்விட்டது. பாக்கி ஒன்று. அவள் எத்தனை நாள் ஏங்கியது இதற்குத்தானே! தங்கராஜுவைத் தேடிப் போனாள். அவர் எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. டீமுக்கு ஒரு ஆள் போக வேண்டுமே, யார் போனது? எல்லாரும் அவரவர் இடத்தில்தான் இருந்தார்கள். யார் முகத்திலும் அழுகை இல்லை. சுப்பிரமணியம் எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அவளுக்குக் கொடுக்கும்போது மட்டும் இரண்டு கையாலும் கொடுத்தான். ஏன் என்று கேட்க நினைத்து மறந்துவிட்டாள். சந்தோஷத்தில் இருக்கிறவளுக்கு ஆராய்ச்சி எங்கே ஓடும்?

"என்னங்க, இனிமே நான் ஒரே டீம்தான்!" என்று வீட்டு வாசலிலேயே சொன்னாள். அற்புதராஜ் கரண்டியோடு வெளியே வந்தார்.

"எந்த டீமு?"

"தங்கராஜு அண்ணன் டீமு. மத்த ரெண்டுலயும் விட்டுட்டாங்க."

"விட்டுட்டாங்கன்னா? நல்லதா கெட்டதா?"

"நல்லதுதாங்க. நீங்க வேற!"

"ஆள எடுக்கறதாச் சொன்னியே, யாரு போனது?"

"அதுதான் தெரியல. பாவம், யாரோ."

அன்று மாலை இருவரும் நொவினா தேவாலயத்துக்குப் போனார்கள். சனிக்கிழமைக் கூட்டம், உட்கார இடமில்லை, தூணோரம் நின்றார்கள். பிரிஜட் முதலில் நன்றி சொன்னாள். பிறகு, வேலை போன அந்த மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொண்டாள். அவர்கள் யார் என்று தெரியாததால், மாதாவே, அந்த மூன்று பேர் வீட்டிலும் அடுப்பு எரியட்டும் என்று பொதுவாகச் சொன்னாள். மனதார வேண்டினாள். கண்கூடக் கலங்கியது.

திங்கட்கிழமை புதுச் சேலை உடுத்திக்கொண்டு போனாள். கூடத்தில் நூர்தீன் வட்டம் நின்றது. அவள் போகவில்லை. மிஸ் கோ வட்டம் நின்றது. போகவில்லை. நேராகத் தங்கராஜு வட்டத்துக்குப் போய், இரண்டு காலையும் நன்றாக ஊன்றி நின்றாள். முழு உடம்பும் இரண்டு காதும் ஒரே வட்டத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. தங்கராஜு அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். வட்டம் கலைந்ததும் அவளைத் தனியே அழைத்தார்.

"பிரிஜட், சனிக்கெழமயே சொல்லியிருக்கணும், நான் ஊர்ல இல்ல. இனிமே நம்ம டீமுக்கு நீங்க வரவேணாம். நீங்க மத்த ரெண்டு டீமப் பாத்துக்கலாம்ல?"

"எந்த ரெண்டு டீமுண்ணே?"

"நூர்தீன், மிஸ் கோ."

"அவங்க சனிக்கெழமயே என்ன வரவேணாம்னுட்டாங்களே."

தங்கராஜுவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். இருவருக்கும் கொஞ்ச நேரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகு அவர் நூர்தீனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நூர்தீன் மிஸ் கோவைக் கூப்பிட்டார். கூடத்து நடுவில் மூன்று தலைவர்களும் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நீ யார் பெயரைக் கொடுத்தாய்? பிரிஜட். நீ? பிரிஜட். நீயுமா?

கெட்ட எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. சொந்த டீமில் ஒருவனை வீட்டுக்கு அனுப்ப மூன்று பேருக்கும் மனசு வரவில்லை. பிரிஜட் என்றால் பாவமில்லை, அவளுக்குத்தான் இன்னும் இரண்டு டீம் இருக்கிறதே, அவர்கள் விடுவார்களா என்று மூன்று பேரும் நினைத்தார்கள். அவளைத் தாங்க ஆள் இருக்கிறது என்று நம்பியே ஆளுக்கு ஒரு பக்கம் கையை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை இரண்டு கையாலும் வந்த கோப்பி எதற்கென்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

நான்கு பேருமாகச் சியாவின் கண்ணாடி அறைக்குப் போனார்கள். சியா ஆச்சரியப்பட்டார். "நீங்கள் மூவரும் கலந்து பேசித்தானே இந்தப் பெயரைக் கொடுத்தீர்கள்?" என்றார். "என்ன சாமர்த்தியம் என்று மெச்சிக்கொண்டேனே! ஒரே ஒருவர் போகிறார், மூன்று டீமிலும் ஒரு ஆள் குறைகிறது. தலைமை அலுவலகம் கேட்டதும் அதுதான்."

அவர் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. பிரிஜட் மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். நூர்தீன் டீமில் ஒரு ஆள் குறைவு. மிஸ் கோ டீமில் ஒரு ஆள் குறைவு. தங்கராஜு டீமிலும் ஒரு ஆள் குறைவு. எல்லாம் சரியாக வந்தது. அவள் மட்டும்தான் எங்கேயும் வரவில்லை. தனக்கு நடந்தது அநியாயமா, இல்லை யாரும் செய்யாத ஒன்றா என்று அவளுக்கு விளங்கவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

சியா மோசமான மனிதர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "மாற்றிக்கொள்ளலாம். இவளை முழுசாக ஒரு டீமுக்கே கொடுத்துவிடுகிறேன். யாருக்கு வேண்டும்?"

மூன்று கையும் ஒன்றாக உயர்ந்தன. இத்தனை வருடத்தில் தன்னை வேண்டும் என்று யாரும் கை தூக்கிப் பிரிஜட் பார்த்ததில்லை.

"நல்லது. ஆனால் எடுத்துக்கொள்கிறவர் தன் டீமில் வேறு ஒரு பெயரை இப்போதே சொல்ல வேண்டும்," என்றார் சியா.

முதலில் மிஸ் கோவின் கை இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நூர்தீன் தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார். தங்கராஜு மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் புள்ளகுட்டிக்காரங்க சார்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் கையை இறக்கினார். சியாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, பிரிஜட்டுக்குப் புரிந்தது. நான் மட்டும் யார் என்று கேட்க வாய் வரவில்லை. யாராவது ஒரு பெயரைச் சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். யார் பெயராக இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

யாரும் சொல்லவில்லை. சியா பெருமூச்சு விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"மூன்று வட்டத்திலும் நின்றவள் நீ ஒருத்திதான். யார் வேலை எப்படி என்று இங்கே உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. நீயே சொல். யார் போனால் குறை தெரியாது?"

அவளுக்குத் தெரியும். யோசிக்கவே வேண்டியதில்லை. சுப்பிரமணியம் எழுதியதில் பாதி அவள் திருத்தியது, மீதி திருத்த வேண்டியது. அந்தப் பெயர் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அதே நேரம் கதவை லேசாகத் தட்டிவிட்டு அவனே தலையை நீட்டினான். உள்ளே என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

"பிரிஜட், ஒரு நிமிஷம் லா. சின்ன டவுட்டு."

"தெரியவில்லை சார்," என்றாள் பிரிஜட், சியாவிடம். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது.

சியா தலையை ஆட்டினார். மாதக் கடைசி வரை வரலாம், நல்ல சான்றிதழ் தருகிறேன் என்றார். மூன்று தலைவர்களும் அவள் கண்ணைப் பார்க்காமல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். பிரிஜட் சுப்பிரமணியத்தோடு போய் அவன் மேசையில் உட்கார்ந்து சந்தேகத்தைத் தீர்த்து வைத்தாள். சின்ன டவுட்டு இல்லை, எல்லாமே தப்பு. திருத்தத் திருத்த அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் பக்கத்தில் நின்று, "நீங்க இல்லாட்டி நான் செத்தேன்," என்றான். வழக்கமாகச் சொல்வதுதான்.

சாயங்காலம் அற்புதராஜ் கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்ததும், கேட்காமலேயே தெரிந்துகொண்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார், நடுவில் இரண்டு தடவை மறுபடி சொல்லச் சொன்னார். கப்பல் பட்டறையில் அவரை அனுப்பியவனுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது. அவனை இன்றைக்கும் அவர் திட்டிக்கொண்டிருக்கிறார்.

"சரி, கடைசியில யாருதான் உன்ன அனுப்பினது? நூர்தீனா?"

"இல்லங்க. அவரு நான் மத்தவங்ககிட்ட இருப்பேன்னு நெனச்சாரு."

"அந்த மிஸ் கோவா? தங்கராஜுவா?"

"அவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க."

"அப்ப சியாதானே?"

"அவரு மாத்தறேன்னுதாங்க சொன்னாரு. வேற ஒரு பேரு சொல்லச் சொல்லி கடைசியா என்னத்தான் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒரு பேரு வாயில இருந்துச்சு. தெரியலன்னுட்டேன்."

அற்புதராஜ் காலித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"ஏன் சொல்லல?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். இரக்கமா என்றால், அந்த நேரத்தில் அவளுக்கு எவன்மேலும் இரக்கம் வரவில்லை. பயமா என்றால் அதுவும் இல்லை. வாய் ஏன் அப்படிச் சொன்னது என்று இப்போதும் அவளுக்கு விளங்கவில்லை.

"சொல்லியிருக்கணும்ங்க," என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.